எட்டு அங்குலச் சூப் தட்டு

ஆற்றிலிருந்து ஒரு பெண்பூதம் கிளம்பி வருகிறது. வீட்டுக்கு வந்து தேவதைக் கதைப் புத்தகத்தைப் புரட்டினால், அதன் கண்கள் சூப் தட்டு அளவு இருக்கும் என்று போட்டிருக்கிறது. ஒன்பது வயது டிஃபனி ஏக்கிங் உடனே ஒரு சூப் தட்டை எடுத்து அளவுகோல் வைத்து அளக்கிறாள். எட்டு அங்குலம். பார்த்தது அதைத்தான் என்று உறுதியானதும், மிட்டாய் ஆசை காட்டித் தம்பியைத் தூண்டில் புழு மாதிரி ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டு, இரும்பு வாணலியோடு பக்கத்தில் காத்திருக்கிறாள்.

டெரி பிராட்செட் 2003இல் வெளியிட்ட 'தி வீ ஃப்ரீ மென்' நாவலின் தொடக்கம் இது. முதல்முறை படிப்பவர்கள் வாணலிக்குச் சிரிப்பார்கள். இரண்டாம் முறை படிப்பவர்கள் அளவுகோலுக்குச் சிரிப்பார்கள். இந்த நாவலில் தொடங்கும் டிஃபனி தொடரின் ஐந்து நாவல்களிலும் சூனியக்காரியின் பெரிய திறமை என்று சொல்லப்படுவது மந்திரக்கோல் சுழற்றுவது அன்று. எதிரே உண்மையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பது. அது முழுக்க அந்த எட்டு அங்குலத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. முதல் வாசிப்பில் அது வெறும் வேடிக்கையாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நகைச்சுவை ஃபேண்டஸித் தொடர்களின் ரசிகர்கள் ஏன் ஒரே புத்தகத்தை நான்கு முறை, ஐந்து முறை படிக்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நல்ல தொடரில் நகைச்சுவைதான் ஒளித்து வைக்கும் இடம். சிரித்துவிட்ட இடத்தை வாசகர் மறுபடி சோதிக்க மாட்டார். எழுதுபவருக்கு இது தெரியும். முக்கியமான சாவியை அங்கேதான் போட்டு வைப்பார்.

டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986) இதற்குப் பாடப்புத்தகம். முதல் அத்தியாயத்தில் சோஃபி தொப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து தொப்பிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உனக்கு இப்படி நடக்கும், உனக்கு அப்படி நடக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஆருடம் சொல்கிறாள். பேச ஆளில்லாத பெண்ணின் கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். அந்தத் தொப்பிகளை வாங்கிப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற செய்தியும் அதே அத்தியாயத்தில் ஊர்வம்பாக வந்துவிடுகிறது. இரண்டையும் கோத்துப் பார்ப்பவர் அபூர்வம். சோஃபி வாயால் சொன்னது பலிக்கிறது என்பதைச் சோஃபியே வெகுநேரம் கழித்துத்தான் அறிகிறாள். மறுவாசிப்பில் அவள் திட்டுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் மந்திரமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அவளோ புத்தகம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பவள்.

டெரெக் லேண்டியின் 'ஸ்கல்டக்கரி பிளசன்ட்' தொடரில் (முதல் நூல் 2007) துப்பறிவாளர் ஓர் எலும்புக்கூடு. அவர் தலை அவருடையது அல்ல. சொந்தத் தலை திருடுபோய்விட்டதால், சீட்டாட்டத்தில் ஜெயித்த வேறொரு மண்டையோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். முதல் நூலில் இது போகிறபோக்கில் சொல்லும் நக்கல். நான்காம் நூலில் கதை நகர்வதே அந்தத் தொலைந்த தலையைத் தேடித்தான். ஜானதன் ஸ்ட்ரௌடின் பார்ட்டிமேயஸ் நூல்களில் (2003, 2004, 2005) பார்ட்டிமேயஸ் என்ற வாயாடி ஜின் நினைத்த உருவம் எடுக்கக்கூடியது. ஆனாலும் திரும்பத் திரும்ப ஓர் எகிப்தியச் சிறுவனின் உருவத்துக்கே வருகிறது. முதல் நூலில் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றாது, ஏனென்றால் ஜின் பேசுகிற பேச்சில் நமக்கு மூச்சு விட நேரமில்லை. மூன்றாம் நூலின் தலைப்பைப் பார்த்த பிறகுதான் முதல் நூலைத் தேடி ஓடுவோம். அதற்கு மேல் சொன்னால் பாவம் சேரும்.

ஆகவே இந்த வகை நூல்களை மறுவாசிப்புச் செய்ய ஒரு முறை வேண்டும். நல்ல ரசிகர் குழுக்கள் வைத்திருக்கும் முறை எளிமையானது: பென்சிலும் ஒரு நோட்டும். பக்கத்தில் ஐந்து பத்தி, அதாவது நெடுவரிசை. அத்தியாய எண், நகைச்சுவை என்ன, யார் வாயில் வருகிறது, கதையில் யார் அதற்குச் சிரிக்கிறார்கள், ஐந்தாவது பத்தி காலியாக. அந்தக் காலிப் பத்திதான் விஷயம். 'இது பின்னால் எங்கே திரும்பி வந்தது' என்பதை அடுத்தடுத்த நூல்களைப் படிக்கும்போது அதில் நிரப்ப வேண்டும். பக்க எண் எழுதாதீர்கள். கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, பிரிட்டிஷ் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு எல்லாவற்றிலும் பக்கம் மாறும். அத்தியாய எண் மாறாது. பதிப்புத் தகராறு பக்கத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கல்டக்கரியின் முதல் நூலே அமெரிக்காவில் மெல்லிய அட்டைப் பதிப்பில் 'செப்டர் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்' என்ற பெயரோடு வந்தது. புதுக்கதை என்று நினைத்து அதையே இரண்டாம் முறை வாங்கும் ஆபத்து இருக்கிறது.

ஒரு நூலுக்கு நாற்பது ஐம்பது பதிவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்டலையும் எழுத ஆரம்பித்தால் இரண்டாம் அத்தியாயத்தில் நோட்டும் புத்தகமும் சேர்ந்து மூடப்படும். எதை எழுதுவது? திரும்ப வருகிறவற்றை, கதையில் யாருமே சிரிக்காதவற்றை, பேச்சை மாற்றுவதற்காகச் சொல்லப்பட்டவற்றை. மூன்றாவது வகையில்தான் அறுவடை அதிகம். ஒரு பாத்திரத்திடம் நேரான கேள்வி கேட்கப்பட்டு, பதிலாக நகைச்சுவை வந்தால், அங்கே ஒரு கோடு போடுங்கள். நூற்றுக்கு எண்பது என்று கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் கோடு வீண் போனது குறைவு.

அடிக்குறிப்புகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இந்த வகை நூல்களின் ரசிகர்களிடம் எதைப் பிடிக்கும் என்று கேட்டால் பாதிப்பேர் அடிக்குறிப்பைத்தான் சொல்வார்கள். பார்ட்டிமேயஸ் பேசும் அத்தியாயங்களில் மட்டும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அதன் பின்பாட்டு ஓடும். மந்திரவாதிச் சிறுவன் நதானியேலின் அத்தியாயங்கள் படர்க்கையில், குறிப்பே இல்லாமல் நடக்கும். ஒரே நேரத்தில் பல தடங்களில் யோசிக்க முடிகிறவன் நான், உங்களுக்காக அதைக் கீழே இறக்கி வைக்கிறேன் என்பது ஜின்னின் சாக்கு. உண்மையில் இது அதிகாரக் கணக்கு. கதைக்குள் ஜின் அடிமை. எஜமான் சொன்னதைச் செய்தாக வேண்டும். எதிர்த்துப் பேச மிச்சமிருக்கும் ஒரே இடம் பக்கத்தின் அடிப்பகுதி. பரிமேலழகர் உரையோடு குறளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. உரையாசிரியர் மூலத்தைப் பார்த்துக் கண்ணடித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கற்பனை செய்துகொண்டால் போதும்.

அடிக்குறிப்பு வேலை செய்வது நேரத்தால். அச்சுப் புத்தகத்தில் கண் கீழே இறங்கி மேலே ஏற ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி இடைவெளிதான் நாடகக்காரர் எடுக்கும் நிறுத்தம். மின்னூலில் இது அடிக்கடி கெடுகிறது. சில பதிப்புகள் எண்ணைத் தொட்டால் சிறு பெட்டியாகக் குறிப்பைக் காட்டும், அது பரவாயில்லை. சில பதிப்புகள் எல்லாக் குறிப்புகளையும் அத்தியாயத்தின் கடைசிக்கோ நூலின் கடைசிக்கோ தள்ளிவிடும். அப்போது பதினோரு கிண்டல்கள் தலையும் வாலும் இல்லாமல் வரிசையாக நிற்கும், வாசகர் இதில் என்ன சிரிப்பு என்று கேட்பார். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி, ஒரு குறிப்பு எண்ணைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பெட்டி திறக்கவில்லை என்றால் அச்சுப் புத்தகத்துக்குப் போவது நல்லது. ஒலிநூலில் குறிப்பைக் கதையின் நடுவிலேயே சொல்லியாக வேண்டும். குரல் மாறாவிட்டால் எது கதை, எது முணுமுணுப்பு என்று தெரியாது.

குழுவாக உரக்கப் படிக்கும்போது குறிப்புகளுக்குத் தனி ஆள் வையுங்கள். ஒருவர் கதை, ஒருவர் குறிப்பு. குறிப்பு எண் வாக்கிய முடிவில் இருந்தால் கதை சொல்பவர் நிறுத்த வேண்டும். வாக்கிய நடுவில் இருந்தால் முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். குறிப்பாளர் வேகமாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில், பக்கத்து ஆளின் காதில் சொல்வதுபோலப் படிக்க வேண்டும். சத்தம் போட்டுப் படித்தால் செத்தது. நிமிடத்துக்கு 150 ஆங்கிலச் சொல் என்று வைத்துக்கொண்டால் 2500 சொல் அத்தியாயம் பதினேழு நிமிடத்துக்குள் முடியும். சிரிப்புக்கும் சண்டைக்கும் சேர்த்து அரை மணி வையுங்கள்.

உரக்கப் படிப்பதில் இன்னொரு பலன் இருக்கிறது. டிஃபனி நூல்களில் வரும் நாக் மாக் ஃபீகிள் என்ற ஆறு அங்குல நீலக் குள்ளர்கள் ஸ்காட்லாந்துக் கொச்சையில் பேசுவார்கள். குடி, திருட்டு, அடிதடி மூன்றும் அவர்கள் குலத்தொழில். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூட மொழியாகக் கற்ற வாசகர்கள் அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்ததும் மிரண்டு, ஃபீகிள் பேசும் பத்திகளைத் தாண்டிப் போவார்கள். புத்தகத்தில் பாதி போயிற்று. கண்ணால் படிக்காமல் வாயால் படித்தால் பெரும்பாலான சொற்கள் தானே அவிழ்ந்துவிடும், ஏனென்றால் அவை காதுக்காக எழுதப்பட்டவை. மீதிக்கு, பிந்தைய நூல்களில் சேர்த்த ஃபீகிள் அகராதி இருக்கிறது. அதையும் கடைசியில் படிப்பதற்காக விட்டுவைக்காதீர்கள், அதுவே ஒரு நகைச்சுவைப் பகுதி.

இதைத் தமிழில் கொண்டுவருவது எப்படி என்று ரசிகர்கள் கூடும்போதெல்லாம் ஒரு வாக்குவாதம் கிளம்பும். சிலேடை பெரிய தடையில்லை. காளமேகத்தைப் பெற்ற மொழிக்கு அது கைவந்த கலை. ஓரிடத்தில் விழாத சிலேடையை அடுத்த பத்தியில் வேறொரு சொல்லில் ஈடுகட்டலாம். வட்டார வழக்குதான் சிக்கல். ஃபீகிள்களுக்கு ஏதாவது ஒரு மாவட்டத்துப் பேச்சைக் கொடுத்தால், குடித்துவிட்டுத் திருடும் குள்ளர்கள் என்ற பட்டம் அந்த மாவட்டத்தின் தலையில் விழும். இரண்டு மூன்று வழக்குகளைக் கலந்து யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கொச்சையை உருவாக்குவதுதான் என் பார்வையில் நேர்மையான வழி. அதற்குப் பத்து வசைச்சொற்களை முதலிலேயே முடிவுசெய்து, ஐந்து நூலிலும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

குழு எத்தனை பேர்? நான்கிலிருந்து ஆறு. எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் மேற்கோள் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வாரம் நூறு பக்கம் தாங்கும். 400 பக்க நூல் நான்கு வாரம். ஐந்து நூல் தொடருக்கு இருபது. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் ஒரு வாரம் சும்மா விட்டால் மொத்தம் இருபத்துநான்கு வாரம். அந்தச் சும்மா வாரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். காலிப் பத்தியை நிரப்புவது அப்போதுதான் நடக்கும்.

புதியவரும் பழையவரும் ஒரே குழுவில் இருந்தால்தான் குழப்பம் வரும். பழையவர்கள் கதையை உடைத்துச் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்வார்கள், ஆனால் தவறான இடத்தில் சிரிப்பார்கள். மண்டையோட்டு நக்கலுக்கு எல்லாரையும்விட இரண்டு நொடி அதிகமாகச் சிரித்தால் போதும், புதியவர் அங்கே ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார். இதற்கு ஒரு வழி: பேச்சைப் புதியவர்தான் ஆரம்பிக்க வேண்டும், பழையவர் பதினைந்து நிமிடம் கேள்வி மட்டுமே கேட்கலாம் என்று வைத்துக்கொள்வது. பழைய ரசிகர்களுக்கு இது பெரிய தண்டனை. ஆனால் தாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்பது புதியவர் வாயிலிருந்துதான் வரும்.

ரசிகர்களின் விளையாட்டுகளில் சில மெனக்கெடத் தகுந்தவை. ஓயன் கோல்ஃபரின் 'ஆர்ட்டெமிஸ் ஃபௌல்' (2001) நூலில் பக்கங்களின் அடியில் தேவதைகளின் எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. அலங்காரம் என்று விட்டவர்கள் உண்டு. அது சாதாரண மாற்றெழுத்து: ஒரு குறிக்கு ஓர் ஆங்கில எழுத்து. ஐந்தாறு பக்கங்களின் குறிகளை வரிசையாக எழுதி, எது அதிகம் வருகிறது என்று எண்ணி, அதை ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'இ' என்று வைத்துத் தொடங்கலாம். அடுத்து மூன்றெழுத்துச் சொல்லாக அடிக்கடி வரும் 'தி'யைத் தேடினால் மேலும் இரண்டு எழுத்து கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர்கள்தான் தோற்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அடிக்கடி வரும் குறி எது என்றே தெரியாது.

லேண்டியின் வாசகர்கள் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொள்வார்கள். அந்த உலகில் மந்திரவாதிக்கு மூன்று பெயர்: பெற்றோர் இட்டது, தானே எடுத்துக்கொண்டது, யாருக்கும் தெரியாத உண்மைப் பெயர். எடுத்துக்கொண்ட பெயர் இருந்தால் இட்ட பெயரைச் சொல்லி எவரும் ஆட்டிவைக்க முடியாது. கதையின் நாயகி ஸ்டெஃபனி, வால்கிரி கெய்ன் ஆவது அப்படித்தான். ரசிகர்கள் சூட்டிக்கொள்ளும் பெயர்களில் பெரும்பாலானவை ஒரே பிழையில் விழுகின்றன: நிழல், சாவு, இரத்தம் என்று இரண்டு சொல்லையும் கறுப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மூலத்தில் பெயர்கள் ஒன்றையொன்று இடறிவிடும். ஸ்கல்டக்கரி என்றால் தில்லுமுல்லு, பிளசன்ட் என்றால் இனியவர். காஸ்ட்லி (Ghastly) பிஸ்போக் ஒரு தையற்காரர். முதல் சொல்லுக்கு விகாரம், இரண்டாவதற்கு அளவெடுத்துத் தைத்தது என்று பொருள். ஒரு சொல் பயமுறுத்த வேண்டும், மற்றது தேநீர் கொடுக்க வேண்டும்.

பரிந்துரைப்பதில் ரசிகர்கள் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. 'பயங்கரச் சிரிப்பு' என்று சொல்லிக் கொடுத்த புத்தகத்தை, சிரித்தே தீர வேண்டும் என்ற கடமையோடு ஒருவர் திறப்பார். முப்பது பக்கத்தில் மூடிவிடுவார். கதையைச் சொல்லிக் கொடுங்கள்: தலையைத் தொலைத்த எலும்புக்கூடு துப்பறிகிறது. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். படிக்கவே பிடிக்காத பிள்ளைக்கு ரிக் ரியார்டனின் பெர்சி ஜாக்சன் (2005 முதல் 2009 வரை ஐந்து நூல்) நல்ல வாசல். அத்தியாயத் தலைப்புகளே நகைச்சுவை வரிகள்; அவற்றை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். கதையில் பெர்சிக்கு இருக்கும் கவனச்சிதறலும் எழுத்துத் தடுமாற்றமும் போர்க்களத்துக்கும் பழங்கிரேக்கத்துக்கும் பொருந்திய மூளையின் அடையாளங்களாக மாறுகின்றன. அதே சிக்கல்கள் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்துதான் ரியார்டன் இதை எடுத்தார்.

வயதைப் பார்க்காமல் முழுத்தொடரையும் தூக்கிக் கொடுப்பது அடுத்த பிழை. இந்தத் தொடர்களில் பாத்திரங்கள் வளர்கிறார்கள், கூடவே இருட்டும் வளர்கிறது. ஒன்பது வயதில் வாணலி தூக்கிய டிஃபனி நான்காம் நூலான 'ஐ ஷால் வேர் மிட்நைட்' (2010) வரும்போது ஏறக்குறைய பதினாறு வயதுக்காரி. அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு வீட்டுக்குள் நடந்த கொடிய வன்முறையை அவள் எதிர்கொள்கிறாள். பத்து வயதுப் பிள்ளை விடுமுறையில் மூன்று நூலை முடித்த வேகத்தில் அதற்குள் போய் விழும். பெரியவர் ஒருவர் முன்னால் படித்திருக்க வேண்டும். வரிசை விஷயத்தில் நான் கண்டிப்பானவன்: முன்கதை நூல் எப்போதும் வெளிவந்த வரிசையில்தான். 2010இல் வந்த பார்ட்டிமேயஸின் முன்கதையை முதலில் படித்தால் கதை புரியும், வலி புரியாது. ஜோன்ஸின் 'ஹவுல்' தொடரின் இரண்டாம் நூலில் (1990) மந்திரவாதி ஹவுலும் சோஃபியும் வெகுதூரம் கண்ணிலேயே பட மாட்டார்கள். கம்பள வியாபாரி அப்துல்லாவின் கதையாக ஓடும். ஏமாந்துபோய்ப் பாதியில் விட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிராட்செட் 2015 மார்ச் 12 அன்று இறந்தார். டிஃபனியின் ஐந்தாம் நூலான 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' அந்த ஆகஸ்டில் வந்தது. அவருடைய இன்னொரு நாவலான 'கோயிங் போஸ்டல்' (2004) கிளாக்ஸ் என்ற கோபுரத் தந்தியைப் பற்றியது. வேலையில் இறந்துபோன ஊழியரின் பெயருக்கு முன்னால் அதில் ஜி, என், யூ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து அனுப்புவார்கள். ஜி என்றால் அடுத்த கோபுரத்துக்குக் கடத்து; என் என்றால் பதிவேட்டில் எழுதாதே; யூ என்றால் தடத்தின் கடைசிக் கோபுரத்தில் திருப்பி அனுப்பு. பெயர் நிற்காமல் போய்வந்துகொண்டே இருக்கும். அவர் இறந்த பிறகு வாசகர்கள் இதை நிஜமாகச் செய்தார்கள். இணைய சர்வர் ஒவ்வொரு பக்கத்தோடும் அனுப்பும் தலைப்புத் தகவல்களில் 'எக்ஸ்-கிளாக்ஸ்-ஓவர்ஹெட்' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு எதிரே அந்த மூன்று எழுத்தையும் அவர் பெயரையும் வைத்தார்கள். சர்வர் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. பிழை நேர்வது பெரும்பாலும் அந்த வரியை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான இடத்தில் போடாமல் முகப்புக்கு மட்டும் போடுவதால். பக்கத்தைத் திறப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பதில் தலைப்புகளை விரித்துப் பார்ப்பவருக்கு மட்டும், மற்ற வரிகளுக்கு நடுவே, அந்தப் பெயர் தெரியும்.